கான் வெட்டும் கடல் ஆய்வும்

இலங்கையின் கரையோரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீட்டர், தாழ் நீர்மட்டத்திலிருந்து கடலின் பக்கம் 2 கிலோமீட்டர். ஆறோ களப்போ கடலோடு சேரும் இடமாக இருந்தால் உள்நாட்டுப் பக்கம் 2 கிலோமீட்டர் வரை ஏறலாம். 2011ல் திருத்தம் வந்தபோது கரையோர வள முகாமைத்துவம் என்பதையும் சட்டத்தின் பெயரில் சேர்த்தார்கள். பெயர் நீண்டது. ஆற்று வழியே மேலே பார்க்கும் பார்வை அந்த அளவுக்கு நீளவில்லை.

நான் இருப்பது டிக்கோயாப் பக்கம். உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். அட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில் இருக்கும் மேட்டில் மழை இரண்டாகப் பிரியும். அட்டன் பக்கம் விழுந்தது அட்டன் ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போகும். டிக்கோயாப் பக்கம் விழுந்தது கெஹெல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கம் என்று இறங்கி, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்பு மட்டக்குளியில் மேற்குக் கடலில் விழும். ஒரே மழை இரண்டு கடலுக்கும் போகிறது. நடுவில் இருப்பது ஒரு பஸ் போகிற தூரம்.

அந்த மட்டக்குளியில், காக்கைத்தீவில்தான் நாட்டின் கடல் ஆய்வு நிலையமான நாரா இருக்கிறது. அதுவும் 1981ல் வந்த சட்டத்தால் உருவானதுதான். அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகள் ஜன்னலைத் திறந்தால் எங்கள் மலையின் மண் கலங்கிப் போவதைப் பார்க்கலாம். இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இந்த நாட்டில் கடல் ஆய்வுக்கு எதை முதலில் எடுப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது.

முன்னுரிமை என்று ஏன் ஒன்று வேண்டும்? காசு இல்லை, அவ்வளவுதான். இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். நமக்குச் சொந்தமான பொருளாதாரக் கடல் வலயமோ சுமார் 517,000 சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. இவ்வளவு பெரிய கடலை இவ்வளவு சின்னப் பணத்தில் ஆராய வேண்டுமென்றால் முதலாவது எது, இரண்டாவது எது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த யாரோ யார் என்பதுதான் என் கேள்வி.

உலக அளவில் இதற்கென்று பெரிய ஏற்பாடுகள் உண்டு. 2021 முதல் 2030 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் கடல் அறிவியல் தசாப்தம் என்று அறிவித்திருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே, 1959 முதல் 1965 வரை, சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நடந்தது. பெரிய நாடுகளின் கப்பல்கள் வந்தன, அளந்தன, போயின. நம் மீன் வளத்தைப் பற்றிய பெரிய அளவீடும் வெளிக் கப்பலால் வந்ததுதான். நோர்வேயின் 'டாக்டர் ஃப்ரிட்யொஃப் நான்சன்' 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலைச் சுற்றி மீன் இருப்பைக் கணக்கெடுத்தது. அடுத்த தடவை அந்தப் பெயருள்ள கப்பல் அதே வேலைக்கு வந்தது 2018ல். நடுவில் இருந்த காலத்தில் போர் நடந்தது, சுனாமி வந்தது, இழுவைப் படகுகள் பெருகின, ஒரு தலைமுறை மீனவர்கள் கடலுக்குப் போய்க் கிழவர்களானார்கள். எவ்வளவு மீன் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருந்தோம்.

இப்போது கப்பல் வருவதே அரசியல். 2022ல் சீனாவின் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த சத்தம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பிறகு 2024ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடத் தடை போட்டார்கள். தடைக்கு நியாயம் இருக்கலாம், இந்தியா என்ன நினைக்கும் என்பதும் சின்ன விஷயம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. நமக்கென்று ஒரு கேள்விப் பட்டியல் இருந்திருந்தால் எந்தக் கப்பல் வந்தாலும் 'இதையும் அளந்து கொடு' என்று கேட்டிருக்கலாம். வெளியிலிருந்து வந்து தகவலை எடுத்துக்கொண்டு போகும் ஆய்வுமுறையைப் பற்றி ஆஷா டி வோஸ் போன்ற நம் கடல் உயிரியலாளர்கள் பல வருடங்களாகவே குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரலோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: கொழும்பிலிருந்து மன்னாருக்குப் போய் அளந்துவிட்டு வருவதும் மீனவருக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

சரி, மலைக்கு வருகிறேன். என் பட்டியலில் முதலாவது மணல்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்தில் காலமெல்லாம் ஆண் வேலை செய்தவர்: கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான் வெட்டு. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தேயிலை மலையின் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால் அது. உள்ளே இடைக்கிடை மண்ணை விட்டு வெட்டுவார்கள். இறங்கி வரும் தண்ணீர் அந்த இடங்களில் தயங்கி, தூக்கி வந்த மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். மழை முடிந்ததும் அந்த மண்ணை அள்ளி மேல்பக்கம் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கான் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"அந்தக் காலத்துல கான்ல மண்ணு கெடந்தா கணக்கப்புள்ள அரைப் பேருதான் போடுவாரு தம்பி," என்றார் மாமா. அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். "இப்ப கானு எங்க இருக்குன்னே தெரியல. புல்லுக்கு மருந்தடிச்சிட்டு அப்படியே விட்டுர்றாங்க. மண்ணு மொட்டையாக் கெடக்குது. மழைக்கு அது நிக்குமா?"

நிற்காது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நிர்வாகங்கள் முதலில் கை வைப்பது கொழுந்தோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளில்தான், கான் வெட்டு அதில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டியபோதே இந்த மண் போகத் தொடங்கிவிட்டது. 1869ல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் செங்குத்தான நிலத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடத் தொடங்கியபின் கதை இன்னும் மோசம். அந்த மண் எங்கே போகிறது என்பதற்குப் பொல்கொல்லைக்கும் ரன்தம்பைக்கும் போய்ப் பார்த்தால் போதும். 1976ல் திறந்த பொல்கொல்ல அணையிலும் 1990ல் முடிந்த ரன்தம்பை நீர்த்தேக்கத்திலும் வண்டல் நிறைவது பொறியியலாளர்களுக்குப் பழைய தலைவலி.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மலையில் மண் அதிகமாகப் போகிறது, அப்படியென்றால் கடற்கரையில் மணல் சேர வேண்டுமே? சேரவில்லை. கொழும்புக்கு வடக்கே, களனி முகத்துவாரம் தொட்டு உஸ்வெட்டகெய்யாவ வழியாக நீர்கொழும்பு வரைக்கும் கடல் கரையைத் தின்கிறது. கரை நிலைத்திருக்க ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல் வேண்டும். மேலே கனமான மணல் அணைகளில் தங்கிவிடுகிறது. கீழே மிஞ்சியதைக் கட்டட வேலைக்கு அள்ளிவிடுகிறார்கள். மெல்லிய சேறு மட்டும் வெள்ளத்தோடு கடல்வரை போகிறது. கரைக்கு வேண்டிய மணல் வராமல், பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் வேண்டாத சேறு வருகிறது. இரண்டும் ஒரே மலையின் சரக்கு.

மணல் அள்ளி ஆற்றின் அடி ஆழமானால் வேறொன்றும் நடக்கும். வறண்ட மாதங்களில் களனியில் தண்ணீர் குறையும்போது கடலின் உப்பு மேலே ஏறி வரும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் உப்பைத் தடுக்க மணல் மூட்டைகளை அடுக்கிய காலம் உண்டு. மணலை அள்ளிவிட்டு மணல் மூட்டையை அடுக்கினோம் என்று என் மாணவன் ஒருவன் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தான். முழுப் புள்ளி கொடுத்தேன்.

அப்புறம் கொழும்புத் துறைமுக நகரம். கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் எடுத்தார்கள், அதற்குக் கடலடியிலிருந்து கோடிக்கணக்கான கன மீட்டர் மணலை உறிஞ்சினார்கள். தங்கள் மீன்பாடும் கரையும் என்ன ஆகும் என்று நீர்கொழும்பு மீனவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் களனி வருடத்துக்கு எவ்வளவு மணல் தருகிறது, அணை எவ்வளவு பிடிக்கிறது, மணல் லொறி எவ்வளவு எடுக்கிறது, அலை எவ்வளவு வடக்கே தள்ளுகிறது என்று மலையிலிருந்து கடலடி வரை ஒரே கணக்காகப் போட்டிருக்க வேண்டும். துண்டு துண்டாக அளவீடுகள் உண்டு. மின்சாரத் துறை தன் அணைக்கு அளக்கும், மகாவலிக்காரர் தங்கள் தேக்கங்களுக்கு, கரையோரத் திணைக்களம் தன் 300 மீட்டருக்கு. மலையில் கான் வெட்டாதது இதில் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே கடல் ஆய்வுக்கென்று ஒரு ரூபாய் ஒதுக்கினால் அதில் கணிசமான பங்கு மலைச் சரிவில் செலவாக வேண்டும் என்பேன். கேட்பதற்கு விநோதமாக இருக்கும், பரவாயில்லை.

மகாவலிப் பக்கமும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே மணலைவிட நன்னீர்தான் பெரிய கேள்வி. பொல்கொல்லையில் ஒரு பங்கு தண்ணீரைச் சுரங்கம் வழியாக வடக்கே திருப்புகிறோம். கோத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எல்லாம் வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. மூதூரும் வெருகலும் முன்பு பார்த்த வெள்ளத்தின் காலமும் அளவும் மாறிவிட்டன. கொட்டியாரக் குடாவுக்குள் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, திருகோணமலைக்கு அப்பால் திமிங்கிலம் வருகிற கடல் அது. ஆற்று நீர் குறைந்தால் இறாலுக்கும் நண்டுக்கும் என்ன ஆகிறது என்பதை மூதூர் மீனவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். விலாங்கு என்று ஒரு மீன், நம் ஆறுகளில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போவது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அணைகளைத் தாண்டி அது எப்படிப் போய் வரும்? இதையெல்லாம் நான் ஆசையாகக் கேட்கிறேன், முதலிடம் கேட்கவில்லை.

இரண்டாவது இடம் சாப்பாட்டுக்கு.

மலையகத்தில் கடல் என்றால் கருவாடுதான். நெத்தலி, கட்டாக் கருவாடு, விருந்தென்றால் கொஞ்சம் மாசி. சம்பளம் போட்ட வாரத்தில் மீன் வியாபாரி மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவார். மாதக் கடைசியில் அவரைப் பார்க்க முடியாது, டின் மீனைப் பற்றியும் பேச்சிருக்காது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தீவு நாடு, சுற்றிலும் கடல், தீவின் நடுவில் இருக்கும் பிள்ளைக்குப் புரதம் இல்லை.

மீன்பிடி ஆய்வின் பேச்சு பெரும்பாலும் ஏற்றுமதியைச் சுற்றியே ஓடுகிறது: சூரை, இறால், நண்டு, கடலட்டை. வெளிநாட்டுக் காசு வேண்டும்தான். ஆனால் பிடிபடும் சின்ன மீனில் எவ்வளவு கோழித் தீனிக்குப் போகிறது, எவ்வளவு கரையிலேயே கெட்டுப்போகிறது, நீர்கொழும்பில் உலரும் நெத்தலி அட்டன் சந்தைக்கு வரும்போது ஏன் அந்த விலை, உப்பும் ஈரமும் எந்த அளவில் இருந்தால் மலையின் குளிரிலும் ஈரக்காற்றிலும் கருவாடு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும்? இவையும் கடல் வள ஆய்வுதான். இந்தக் கேள்விகளுக்குக் கப்பல் தேவையில்லை. வியாபாரியோடு ஒரு பட்டதாரி மாணவியை அனுப்பினால் போதும்.

எங்கள் கண்முன்னே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவே, அங்கே மீன் வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். 1952ல் திலாப்பியா இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நன்னீர் மீன்தான் உள்நாட்டு ஏழைகளின் கைக்கு எட்டியது. ஆனால் 1990ல் அரசு, உயிர்க்கொலையை ஆதரிக்கக்கூடாது என்ற மத நோக்கில், உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை அப்படியே நிறுத்தியது. 1994ல் அரசு மாறிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். முன்னுரிமை எப்படித் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மீனின் இருப்பைப் பார்த்தோ சாப்பிடுகிறவரைக் கேட்டோ எடுத்த முடிவா அது?

வடக்கின் கடலட்டைப் பண்ணை விவகாரத்திலும் அதுதான் நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் அடைப்புகள் வந்த பிறகு சிறு மீனவர்கள் எதிர்த்தார்கள்: வலை போடும் இடம் போகிறது, இறால் வரும் வழி மறிபடுகிறது என்று. அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஆய்வுக் கேள்வி. பண்ணைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது, பண்ணைக்குப் பின்னால் போராட்டமாகக் கேட்டது. அதற்கு மேல் நான் பேசவில்லை. அந்தக் கரையின் பட்டியலை அந்தக் கரைதான் எழுத வேண்டும்.

மூன்றாவது மழை. இதற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கடலில் பிறந்த புயல் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மலையில். கண்டி, பதுளை, நுவரெலியா என்று மண்சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். லயங்கள் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தன, சரிவின் அடியிலும் ஓடையின் கரையிலும். 2014ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை மறக்காதவர்கள் நாங்கள். வங்கக் கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது, பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே ஒரு மெல்லிய படலமாக நின்று அந்தச் சூட்டை எப்படிப் பிடித்து வைக்கிறது, இந்து சமுத்திரத்தின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை எப்படிக் கூட்டுகிறது: இவையெல்லாம் தோட்டத்து மக்களின் உயிர்க் கேள்விகள். 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி வெப்பத்தையும் உப்பையும் சொல்லும் ஆர்கோ மிதவைகள் உலகக் கடலெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அந்தத் தரவு எல்லாருக்கும் இலவசம். கடலிலிருந்து வரும் அளவீட்டை மேற்சரிவு லயத்துக்கு 'இன்று இரவு அங்கே படுக்காதே' என்ற தமிழ்ச் செய்தியாக எப்படி மாற்றுவது என்பதுதான் இங்கே செய்ய வேண்டிய ஆய்வு. அந்த எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் வந்து சேர்ந்தால் அதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மலையில் இருப்பவர்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. மழைப் புத்தகம். பழைய தோட்டங்களில் எல்லாம் மழைமானி ஒன்று வைத்து, தினமும் காலையில் அளந்து, காரியாலயத்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தொடங்கிய பழக்கம், பல இடங்களில் இன்னும் நடக்கிறது. எந்த மலையில் எந்த நாளில் எவ்வளவு கொட்டியது என்று தெரிந்தால் எந்த வருடம் எவ்வளவு மண் போயிருக்கும், எந்த மழைக்குச் சரிவு விழுந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். களனியின் மணல் கணக்குக்கும் மண்சரிவு எச்சரிக்கைக்கும் இதைவிட மலிவான தொடக்கம் கிடைக்காது. பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அட்டவணையில் ஏற்றிவிடலாம். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டத்துக்கு நல்ல வேலை.

பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்தில் இதைப் பற்றி விசாரித்தேன். அங்கே இருந்த கிளாக்கர் அலுமாரியைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் இருந்தவை நல்ல நிலை, கீழ்த்தட்டுப் புத்தகங்களில் கறையான்.

"படம் எடுக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சேர்," என்றார். "தொரைகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்துருங்க. தொர கம்பெனிகிட்ட கேப்பாரு."

கடிதத்தில் எதற்காக என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. கடல் ஆய்வுக்கு என்று எழுதினால் துரை சிரிப்பாரோ என்று யோசித்தேன், பிறகு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தவணை தொடங்குவதற்குள் வந்தால் கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பிப்பதாக பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறோம்.